பழைய டேட்டாபேஸ் மென்பொருளை வாங்கிவிட்டோம், யாரிடம் விற்பது?

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ள ஒரு டேட்டாபேஸ் மென்பொருளை எங்கள் சிறிய நிறுவனம் சென்ற ஆண்டு விலைக்கு வாங்கியது. இணைய விளம்பரத்துக்கு நிறையச் செலவழித்தும் புதிதாக ஒருவர்கூட வரவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் இல்லை. பெயரை மாற்றிப் புதுத் தோற்றத்தில் இறக்கலாமா?

பதில்: பெயரில் கை வைக்காதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விளம்பரத்தை நிறுத்துங்கள். புதிதாக ஒரு செயலி எழுத உட்காரும் இளம் நிரலாளருக்கு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் உங்களிடம் வரமாட்டார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே உங்கள் மென்பொருளை ஓட்டிக்கொண்டு, 'இவர்களும் கடையைச் சாத்திவிடுவார்களோ' என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள்தான் உங்கள் சந்தை.

அந்தப் பயம் வீண் பயமல்ல. ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2007-ல் இனி புதிய பதிப்பு வராது என்று அறிவித்தது. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. டிபேஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 1991-ல் ஆஷ்டன்-டேட் நிறுவனத்திடமிருந்து போர்லாண்ட் நிறுவனத்துக்குப் போய், பிறகு அங்கிருந்தும் கைமாறியது. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் பலர் இன்றும் ஐடி பொறுப்புகளில் இருக்கிறார்கள். உரிமையாளர் மாறினார் என்று கேள்விப்பட்டதும் மாற்று ஏற்பாட்டைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் வருகிறது. உங்கள் கைக்கு வந்த வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் பாதிப் பேர் உண்மையான பயனாளர்களாக இருக்கமாட்டார்கள். இவ்வகை மென்பொருளைப் பெரும்பாலும் விற்றுத்தந்தவர்கள், அதன்மேல் கணக்கு, சரக்கிருப்பு என்று செயலி கட்டிக்கொடுத்த சிறு நிரலாளர்கள். கடைசியில் அதைப் பயன்படுத்தும் ஊழியருக்கு அடியில் என்ன டேட்டாபேஸ் ஓடுகிறது என்பதே தெரியாது. ஆகவே ஒவ்வொரு நிரலாளரையும் நீங்களே போனில் கூப்பிடுங்கள். விற்க வேண்டாம், என்ன உடைந்திருக்கிறது என்று கேளுங்கள். ஓய்வுபெறும் வயதில் இருப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர் போய்விட்டால் அவருடைய வாடிக்கையாளர்களும் உங்கள் கையைவிட்டுப் போவார்கள்.

நிரலாளர்கள் மனம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்டர்பேஸ் என்ற டேட்டாபேஸ் உதாரணம். 2000-ல் அதன் மூல நிரல் (சோர்ஸ் கோட்) யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து ஃபயர்பேர்ட் என்ற இலவச டேட்டாபேஸ் கிளைத்தது. உரிமையாளர் மறுபடி மூடிய வணிகப் பதிப்புக்கே திரும்பியபோது, பலர் இலவசக் கிளையோடு தங்கிவிட்டார்கள்.

சரி, அவர்களிடம் என்ன சொல்வது? வாக்குறுதிப் பட்டியல் வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு சிறிய வெளியீடு கொண்டுவாருங்கள். இன்றைய விண்டோஸில் தொந்தரவின்றி நிறுவ முடிந்து, மற்ற செயலிகளை டேட்டாபேஸோடு இணைக்கும் 64-பிட் ஓடிபிசி டிரைவர் ஒழுங்காக வேலை செய்து, வருடக்கணக்காகப் புகார் வந்த நான்கு பிழைகள் போயிருந்தால் போதும். ஆடம்பரமான புதுத் திரையைவிட இது பத்து மடங்கு பேசும். கூடவே மூல நிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வையுங்கள். நீங்கள் தொழிலை மூடினால் வாடிக்கையாளருக்கு அது கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுங்கள். மேலாளர் கையெழுத்துப் போடத் தயங்குவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பராமரிப்புக் கட்டணத்தை இப்போது ஏற்றாதீர்கள். வாங்கியவுடன் கறந்துவிடப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அதை அழிக்கவே முடியாது. பல ஆண்டுகளாகக் கட்டாமல் விட்டவர்களிடம் பழைய பாக்கியைக் கேட்பதும் அப்படித்தான். இன்றிலிருந்து கட்டினால் போதும் என்று கதவைத் திறந்துவிடுங்கள். என் கணக்கில், உங்களுக்கு மிக மலிவாகக் கிடைக்கும் 'புதிய' வாடிக்கையாளர்கள் இவர்கள்தான்.

அப்புறம், உங்கள் மென்பொருளின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பழைய உரிமையாளரின் செத்த இணைப்புகளும், 'இது இன்னும் உயிரோடு இருக்கிறதா?' என்ற கேள்விகளும்தான் முதலில் வரும் என்று நினைக்கிறேன். பழைய இணைய முகவரி விற்பனை ஒப்பந்தத்தில் சேர்ந்ததா என்று வக்கீலிடம் கேளுங்கள். சேராவிட்டால் எப்படியாவது வாங்கி, உங்கள் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். பழைய உதவிக் கட்டுரைகள் ஒன்றையும் அழிக்காதீர்கள். புது வாடிக்கையாளர் வேண்டுமென்றால், உரிமையாளர் கைவிட்ட வேறொரு பழைய டேட்டாபேஸில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு இறக்குமதிக் கருவி எழுதிக் கொடுங்கள். டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்புகளில் தொடங்கலாம்.

இனி பெயர். யூனிவர்ஸ் டேட்டாபேஸ் 2001-ல் இன்ஃபார்மிக்ஸிலிருந்து ஐபிஎம்முக்கும், 2009-ல் ராக்கெட் சாஃப்ட்வேருக்கும் போனது. யூனிவர்ஸ் என்ற பெயர் போகவில்லை. ஃபைல்மேக்கர் நிறுவனம் 2019-ல் தன் பெயரை கிளாரிஸ் என்று மாற்றிக்கொண்டது, மென்பொருள் ஃபைல்மேக்கராகவே இருக்கிறது. உங்களுக்கும் ஆசையாக இருந்தால் நிறுவனப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி வந்ததும் ஒருவர் தேடலில் தட்டச்சு செய்யும் அந்தப் பழைய பெயர் மட்டும் அப்படியே இருக்கட்டும்.