காப்பகத்துக்கு ஒரு நாளில் நான்கு முறை போகலாம்

அலுவலகக் காப்பகத்தில் பத்து மாதக் குழந்தையை மதியம் ஒரு தடவைதான் பார்க்க விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது தோழி. அவர்கள் செய்வது தவறு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் தினமும் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தமே சொன்னது; இப்போது அதே விதி 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடங்கும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும் உண்டு. இதையெல்லாம் குறிப்பிட்டு மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்வார்த்தையாக விட வேண்டாம்.

அப்புறம், கிளம்பும்போது பிள்ளை அழுகிறாளே என்பதற்காக அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் நழுவாதீர்கள். சிரித்து டாட்டா காட்டிவிட்டே வாருங்கள். என் மகள் இரண்டே வாரத்தில் பழகிவிட்டாள்.