க்ரூஸ்ல (மேல ஏறி ஒரே உயரத்துல பறக்கும்போது) வேக் டர்புலன்ஸ்: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: சார், வானம் சுத்தமா இருந்துச்சு, திடீர்னு ஃப்ளைட் ஒரு பக்கமா சாஞ்சு ஒரு குலுக்கு குலுக்கிட்டு நிமிந்துருச்சு. ஏர் பாக்கெட்டா?

பதில்: ஏர் பாக்கெட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சட்டுனு சாஞ்சு சில செகண்ட்ல முடிஞ்சா வேக் டர்புலன்ஸா இருக்கலாம், அதாவது முன்னாடி போன விமானத்தோட ரெண்டு றெக்கை நுனியிலயும் காத்து சுருண்டு ரெண்டு சுழலா பின்னாடி நிக்கும், நின்னுட்டா பரவால்ல, அது மெதுவா கீழ வேற இறங்கும். பெரிய விமானத்தோடதுன்னா நிமிஷத்துக்கு சில நூறு அடி.

கேள்வி: மேல போறவனுக்கும் நமக்கும் 1000 அடி கேப் இருக்கே ப்ரோ?

பதில்: 29,000லேர்ந்து 41,000 அடி வரைக்கும் அந்த 1000 அடி, முட்டிக்காம இருக்கறதுக்குப் போட்ட கணக்கு. சுழலுக்கு அது தெரியாதே. இன்னொண்ணு, இப்ப ஜிபிஎஸ் வந்ததால எல்லாரும் ஒரே கோட்டுல இம்மி பிசகாம பறக்கறாங்க, முன்னெல்லாம் கொஞ்சம் அங்க இங்க விலகிப் போவாங்க, அதுவே ஒரு பாதுகாப்பா இருந்துச்சு. என்னைக் கேட்டா இதுதான் மெயின் விஷயம்.

கேள்வி: அண்ணா, நெஜமாவே பெருசா ஏதாவது நடந்திருக்கா?

பதில்: 2017 ஜனவரி 7, அரபிக்கடல் மேல. ஒரு சேலஞ்சர் 604 பிசினஸ் ஜெட் 34,000 அடியில, எதிர்ல 35,000ல ஏ380, அந்த ரெண்டு மாடி பெரிய பயணிகள் விமானம். ரெண்டும் மேலயும் கீழயுமா கடந்து ஒரு நிமிஷத்துக்குள்ள ஜெட் உருண்டு, கிட்டத்தட்ட 9,000 அடி கீழ போயிருச்சு, ஒரு இன்ஜினையும் நிறுத்த வேண்டியதாச்சு. சமாளிச்சு மஸ்கட்ல இறக்கினாங்க, ஆனா உள்ள இருந்தவங்களுக்கு நல்ல அடி, விமானம் அதோட காலி. ஒரு நிமிஷத்துல 1000 அடி எப்படி இறங்குச்சுன்னு கேப்பீங்க. எதிரெதிரா போறதால, கடந்து முக்கால் நிமிஷம் கழிச்சு ஜெட் இருக்கற எடத்தை ஏ380 தாண்டிப் போயி அதுக்குள்ள ஒன்றரை நிமிஷம் ஆயிருக்கும், அவ்ளோ பழைய சுழல்லதான் போயி மாட்டுது.

கேள்வி: ரேடார்ல தெரியாதா?

பதில்: தெரியாது. வெதர் ரேடார் மழைத்துளியைத்தான் பாக்கும், டிகாஸ்ங்கற மோதல் எச்சரிக்கைக் கருவி விமானத்தைத்தான் பாக்கும். மேல போனவனோட வெள்ளைப் புகைக்கோடு நம்ம பக்கமா இறங்கி வர்றது கண்ல பட்டா உண்டு.

கேள்வி: அப்ப பைலட் என்னதான் பண்ணுவாங்க?

பதில்: கடல் மேல ஸ்லாப்னு ஒரு முறை இருக்கு, ரூட்டுக்கு வலது பக்கம் 2 நாட்டிக்கல் மைல் வரைக்கும் தள்ளிப் பறக்கலாம். மாட்டிக்கிட்டா ரடர் (வால் துடுப்புல இருக்கற, மூக்கைத் திருப்பற பலகை) பெடலை மிதிச்சு சண்டை போடக்கூடாது. 2001 நவம்பர்ல நியூயார்க்ல கிளம்பி ஏறிட்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், முன்னாடி போன 747 வேக்ல பட்டுச்சு, ரடரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி மிதிச்சதுல வால் துடுப்பே பிஞ்சு போயிருச்சு. ஆட்டோபைலட் ஓடிட்டிருந்தா பெரும்பாலும் அப்படியே விடறதுதான் நல்லது.

கேள்வி: ஏ380 மட்டும்தான் இப்படியா?

பதில்: இல்லப்பா. 2008 ஜனவரில ஏர் கனடா ஏ319 ஒண்ணு, சுமார் 10 மைல் முன்னாடி போன 747 வேக்ல சிக்கி, அடிபட்டவங்களோட கால்கரிக்குத் திருப்பிட்டாங்க.