சம்பங்கியில் புது ரகம்

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் ஒரு ஏக்கரில் பிரஜ்வல் சம்பங்கி போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல ரகத்தை நானே உருவாக்க முடியுமா ஐயா?

பதில்: தாராளமாக முடியும் தம்பி. பிரஜ்வலே அப்படி வந்ததுதான். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே வரிசை இதழுள்ள ஒற்றை ரகத்தையும், பல வரிசை இதழுள்ள அடுக்கு ரகத்தையும் சேர்த்து சிருங்கார் என்ற ரகத்தை எடுத்தார்கள். அதோடு மெக்சிகன் சிங்கிள் என்ற ஒற்றை ரகத்தைச் சேர்த்ததில் பிரஜ்வல் கிடைத்தது.

ஒற்றை ரகப் பூவையே தாயாக வையுங்கள். மொட்டு விரியும் முன் இதழ்களை விலக்கி, ஆறு மகரந்தத்தாள்களையும் இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு, பட்டர் பேப்பர் பையைக் கட்டிவிடுங்கள். பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி பிசுபிசுப்பானதும் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவி, திரும்பப் பையைக் கட்டுங்கள்.

விதையில் வரும் நாற்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும், பெரும்பாலானவை தேறாது. ஒன்று தேறினால் போதும், அதன் கிழங்கைப் பிரித்து நட்டால் குணம் மாறாது. சம்பங்கியில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இதுதான். அப்புறம், வெறும் அழகை மட்டும் பார்க்காதீர்கள். பூவின் எடை, வேரைத் தாக்கும் நூற்புழுவைத் தாங்கும் திறன், மார்க்கெட் போய்ச் சேரும்வரை மொட்டு வாடாமல் நிற்பது, இவைதான் உங்களுக்குக் காசு. ரகம் நிலைத்துவிட்டால், 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் பெயரிலேயே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை கிழங்கு விற்க அவசரப்படாதீர்கள்.