பல்கலைக்கழகத்தில் டைனமிக் வெப் டெவலப்மென்ட் பாடத்தை எப்படிப் படித்தால் புரியும்?

பக்கத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் எழுதும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வரை நன்றாகப் போனது, பிஎச்பி என்ற சர்வர் மொழி, பயனரை நினைவில் வைக்கும் செஷன், தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் என்று வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பாடம், அதே இடம். நானும் அங்கேதான் நின்றேன். அதனால் எனக்கு எது கைகொடுத்ததோ அதை மட்டும் சொல்கிறேன்.

முதல் லேபில் ஒரு பிஎச்பி ஃபைலை எழுதிவிட்டு, எச்டிஎம்எல் ஃபைலைத் திறப்பதுபோல டபுள் கிளிக் செய்தேன். பிரவுசரில் நான் எழுதிய கோடு அப்படியே எழுத்தாக வந்து நின்றது. பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா அந்த ஃபைலை சர்வர் (பக்கங்களைத் தயாரித்து அனுப்பும் மென்பொருள்) ஃபோல்டருக்குள் போட்டு, அட்ரஸ் பாரில் லோக்கல்ஹோஸ்ட் (நம் கணினியையே குறிக்கும் முகவரி) என்று அடித்துத் திறந்தார். பக்கம் சரியாக வந்தது. பிறகு ரைட் கிளிக் செய்து பக்கத்தின் சோர்ஸைக் காட்டி, "இதுல நீ எழுதின பிஎச்பி எங்க இருக்கு, தேடு" என்றார். ஒரு வரிகூட இல்லை. வெறும் எச்டிஎம்எல்தான் இருந்தது.

எனக்குப் பாடம் திறந்தது அந்த இடத்தில்தான். கோடு ஓடியது வேறு இடத்தில். பிரவுசருக்கு வந்தது அதன் விளைவு மட்டும். ஒரே லேப்டாப்பில் சர்வரும் பிரவுசரும் சேர்ந்து ஓடுவதால் இரண்டும் ஒன்று என்று மனம் நம்பிவிடுகிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் "இது எங்கே ஓடுகிறது?" என்று கேட்டுப் பழகுங்கள். ஃபார்மில் ஜாவாஸ்கிரிப்ட் வைத்துச் சரிபார்த்தாலும் சர்வரில் இன்னொரு முறை ஏன் சரிபார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. பிரவுசர் பயனர் கையில் இருக்கிறது, அங்கே ஓடும் எதையும் அவர் மாற்றிவிடலாம்.

அடுத்த முடிச்சு செஷன். அதைத் தனித் தலைப்பாகப் படித்தால் ஒட்டாது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு ரிக்வெஸ்ட் வருகிறது, பதில் போகிறது, அதோடு கதை முடிந்தது. ஒரு நொடி கழித்து அதே ஆள் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அவர் புது ஆள். அப்படியானால் லாகின் எப்படி நிலைக்கிறது? இதற்காகத்தான் 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சிறு துண்டுத் தகவலைக் கொடுக்கும், பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பி அனுப்பும். செஷன் இதன் மேல் கட்டியது. பிஎச்பியில் குக்கிக்குள் வெறும் அடையாள எண்தான் இருக்கும். யார், எப்போது லாகின் செய்தார் என்ற விவரமெல்லாம் சர்வரிடம்.

இதைப் படித்தால் மட்டும் போதாது, கையால் செய்யுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டில் லாகின் செய்துவிட்டு எஃப்12 அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, குக்கிகள் இருக்கும் இடத்துக்குப் போய் செஷன் குக்கியை அழித்துவிட்டு ரிஃப்ரெஷ் செய்யுங்கள். லாகின் பக்கம் வந்து நிற்கும். இந்த ஒரு நிமிடச் சோதனை எனக்கு இரண்டு வார லெக்சரைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது. அதிலேயே உள்ள நெட்வொர்க் டேபையும் எப்போதும் திறந்தே வைத்திருங்கள். 404 வந்தால் கேட்ட முகவரியில் எதுவும் இல்லை, 500 வந்தால் தவறு சர்வர் பக்கம். எங்கே தேடுவது என்ற பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

டேட்டாபேஸுக்குக் கட்டளை தரும் மொழியான எஸ்கியூஎல் எழுதுவது அவ்வளவு கடினமில்லை, பழகிவிடும். ஆனால் பயனர் தந்ததை நேராக எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டாதீர்கள். என் ஃபார்மில் ஒருவர் ஓ'நீல் என்று பெயர் கொடுத்தார். நடுவில் இருந்த அந்த ஒற்றை மேற்கோள் குறியை டேட்டாபேஸ் பெயரின் முடிவு என்று எடுத்துக்கொண்டது, பக்கம் உடைந்தது. அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை, தன் பெயரைத்தான் எழுதினார். அதே ஓட்டை வழியாகத் தெரிந்தே ஒருவர் உங்கள் டேபிளையே அழிக்கும் கட்டளையை நுழைக்கலாம், பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே வரலாம். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்பது இதுதான். ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் பயன்படுத்தினால் கட்டளை தனியாகவும் தகவல் தனியாகவும் போகும்; தகவல் ஒருபோதும் கட்டளையாக மாறாது. மதிப்பெண்ணுக்காக இல்லாவிட்டாலும் முதல் நாளிலிருந்தே இதைப் பழக்கமாக்குங்கள். பாஸ்வேர்டையும் அப்படியே சேமிக்கக் கூடாது, ஹாஷ் செய்துதான், அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவமாக மாற்றித்தான் வைக்க வேண்டும். பிஎச்பியில் அதற்கான ஃபங்ஷன் 2013-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய டுடோரியல்கள் இன்னும் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் வரும், மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸுக்கான பழைய ஃபங்ஷன்கள் 2015-இல் வெளியான பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அந்தக் கோடு உங்களிடம் ஓடவில்லை என்றால் உங்கள் மேல் தவறு இல்லை, அவற்றுக்குப் பதிலாக வந்த பிடிஓ அல்லது மைஎஸ்கியூஎல்ஐ வைத்து எழுதிய பாடத்தைத் தேடுங்கள்.

நேராக லாராவெல், ஜாங்கோ போன்ற ஃப்ரேம்வொர்க்குகளுக்கு (பொதுவான வேலைகளைத் தயாராகத் தரும் கோடுத் தொகுப்புகள்) போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் ஒரு லாகினையாவது முதலில் கையால் கட்டிவிட்டுப் போங்கள். ஃப்ரேம்வொர்க் உங்களுக்காக மறைத்துச் செய்யும் வேலை என்ன என்று தெரிந்தால்தான் அது உடையும்போது எங்கே கைவைப்பது என்று தெரியும்.

ப்ராஜெக்ட்டுக்குச் சிறியதாக எடுங்கள். நூலகப் பதிவு ஒன்று போதும்: புத்தகம், உறுப்பினர், யார் எதை எடுத்தார் என்று மூன்று டேபிள். முதலில் லாகின் இல்லாமல் ஒரு புத்தகத்தைச் சேர்த்து, பட்டியலில் அது தெரிகிறதா பாருங்கள். சேர்த்த கையோடு ரிஃப்ரெஷ் செய்யுங்கள். அதே புத்தகம் இரண்டு முறை வந்திருந்தால், போஸ்ட் (ஃபார்ம் தகவலை சர்வருக்கு அனுப்புவது) முடிந்ததும் வேறு பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்ய மறந்துவிட்டீர்கள். அதைச் சரிசெய்த பிறகு லாகினுக்குப் போங்கள்.