ரிக்கிடம் கேட்காத கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண் சாதனையாளர்களிடம் "வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்பது அவமதிப்பு எனச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது அக்கறையான கேள்வியாகவே படுகிறது. கேட்பவரிடம் கெட்ட எண்ணம் இல்லாதபோது குற்றம் காண்பானேன்? என் மனைவிக்குக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். பெண்களுக்கு எவ்வளவோ பெரிய கொடுமைகள் நடக்கின்றன. சின்ன விஷயங்களை ஊதிப் பெருக்கினால் அந்தக் கொடுமைகள் கண்ணில் படாமல் மறைந்துவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

கெட்ட எண்ணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் எண்ணத்தைப் பற்றி எழுதவும் இல்லை. அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுவதே இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

1983 ஜூனில் சாலி ரைட் விண்வெளிக்குப் போனார். அமெரிக்கப் பெண்களில் முதலாமவர், இயற்பியலில் முனைவர். புறப்படுமுன் நடந்த செய்தியாளர் சந்திப்பில் ஒருவர், வேலையில் ஏதாவது பிசகினால் அழுவீர்களா என்று கேட்டார். இதையெல்லாம் ஏன் யாரும் ரிக்கிடம் கேட்பதில்லை என்று சிரித்தபடி திருப்பிக் கேட்டார் சாலி. ரிக் ஹாக் அதே விண்கலத்தின் விமானி. இத்தனைக்கும் 20 ஆண்டுகளுக்கு முன்பே சோவியத் வீராங்கனை வாலண்டினா தெரஷ்கோவா தன்னந்தனியாகப் பூமியை 48 முறை சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். அவர் அழுதாரா என்ற கவலை 1983 வரை தீரவில்லை போலும். நாசா பொறியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு வாரப் பயணத்துக்கு 100 டாம்பன்கள் (மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் பஞ்சுச் சுருள்கள்) சரியாக இருக்குமா என்று சாலியிடமே விசாரித்தார்கள். அவர்களுக்கும் அக்கறைதான். இந்தக் கதையை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. உங்கள் மனைவியின் சிரிப்பு எந்த வகை என்று எனக்குத் தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

சினிமாவில் இது அன்றாடம். 2012இல் ஒரு படத்தின் அறிமுகக் கூட்டத்தில் நடிகருக்குப் பாத்திரத்தின் மனவளர்ச்சி பற்றிய கேள்வி போனது, ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்கு என்ன சாப்பிட்டு உடம்பைத் தயார் செய்தீர்கள் என்ற கேள்வி வந்தது. உனக்கு மட்டும் ஆழமான கேள்வி, எனக்கு முயல் தீனியா என்று அவர் அங்கேயே சக நடிகரிடம் அலுத்துக்கொண்டார்.

2017 உலகக் கோப்பைக்குச் சற்று முன் மிதாலி ராஜிடம் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டார்கள். பிடித்த வீராங்கனை யார் என்று ஆண்களிடம் கேட்பீர்களா என்றார் மிதாலி. அடுத்த மாதமே விம்பிள்டன் டென்னிஸில் இதன் மறுபக்கம். 2009க்குப் பிறகு பெரிய போட்டியொன்றின் அரையிறுதிக்கு வந்த முதல் அமெரிக்கர் என்று ஒரு நிருபர் சாம் குவேரியைப் பற்றித் தொடங்க, ஆண்டி மர்ரே குறுக்கிட்டு "ஆண் வீரர்" என்று திருத்தினார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸ் ஆஸ்திரேலிய ஓபனை வென்றிருந்தார். நிருபர் பொய் சொல்ல நினைக்கவில்லை. "அமெரிக்கர்" என்றதும் அவர் மனதில் ஆண்கள் மட்டும் வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான்.

பெரிய கொடுமைகள் மறைந்துவிடும் என்கிறீர்கள். வன்முறைக்கு ஆளான பெண் புகார் கொடுக்கப் போனால், அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இரவில் பணப்பையைப் பறிகொடுத்த ஆணிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. இதுவும் ரிக்கிடம் கேட்காத கேள்வி இல்லையா?

உங்கள் கேள்வியை ஒழித்துவிடச் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் யார் விடுப்பு எடுப்பது என்று ஒரு நிறுவனத்தின் ஆண் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். பேட்டி சுவாரசியமாகிவிடும்.

நானும் யோக்கியன் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடையில் இரண்டு எழுத்தாளர்களை அறிமுகப்படுத்தினேன். ஆணுக்கு அவர் எழுதிய நூல்களின் பட்டியல். பெண்ணுக்கு, கணவர் தரும் ஊக்கத்தால் எழுதுகிறார் என்று ஒரு வரி. பேச வந்த அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, "உங்கள் மனைவி உங்களை எழுத அனுமதிக்கிறாரா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அரங்கம் சிரித்தது. நான் குறிப்புத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் மேடையேறுமுன் குறிப்பில் இருவர் பெயரையும் இடம் மாற்றிப் படித்துப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம்கூட ஒரு பத்தியை அடிக்க வேண்டியிருந்தது.