4294967297: சோதனை பகா எண் என்கிறது, 641 வகுக்கிறதே?

பகா எண் இல்லை. 4294967297 = 641 × 6700417. கணித மேதை ஆய்லர் 1732-லேயே கண்டுபிடித்த வகுத்தி இது. 2^4294967296-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 என்று உங்கள் நிரல் போட்ட கணக்கு சரி, அதிலிருந்து இது பகா எண் என்று எடுத்த முடிவுதான் தவறு.

நீங்கள் செய்தது ஃபெர்மா சோதனை, அதுவும் அடிமானம் 2-ஐ மட்டும் வைத்து. n பகா எண் என்றால், அது வகுக்காத எந்த எண்ணை (அடிமானம்) n − 1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும் என்பதே அந்தச் சோதனை. இந்த எண்ணுக்கு அது உதவவே உதவாது. உங்கள் எண் 2^32 + 1. ஆக 2^32-ஐ அதால் வகுத்தால் மீதி −1 (அதாவது மீதியின்றி வகுபட 1 குறைகிறது), 2^64-க்கு மீதி 1. நீங்கள் போட்ட அடுக்கு n − 1, அதாவது 2^32; அது 64-இன் மடங்கு. அப்புறம் 1 வராமல் வேறென்ன வரும்?

அடிமானத்தை 3 ஆக்கி ஓட்டிப் பாருங்கள், 1 வராது. 641-ஐக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம், அவ்வளவு அழகான கணக்கு:

641 = 5 × 2^7 + 1. எனவே 5 × 2^7-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-க்கு மீதி 1.
641 = 5^4 + 2^4. எனவே 5^4-க்குப் பதில் −2^4 போடலாம். −2^32-க்கு மீதி 1, அதாவது 2^32 + 1 மீதியின்றி வகுபடும்.

ஒரு எச்சரிக்கை: ஓர் எண் அடிமானம் 3-இல் தேறினாலும் பகா எண் என்று உறுதியாகாது. 561 (= 3 × 11 × 17) பகா எண் இல்லை, ஆனாலும் தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானத்திலும் தேறிவிடும். ஃபெர்மா சோதனையைவிடக் கறாரான மில்லர்-ராபின் சோதனைக்கு மாறுங்கள். 4759123141-க்குக் கீழே உள்ள எண்களுக்கு 2, 7, 61 என்ற மூன்று அடிமானங்களும் போதும். அதிலும் 2-ஐ மட்டும் வைத்தால் 4294967297 மறுபடி தப்பிவிடும்.