குடிநீர்க் குழாயை ஜீப்ரா மட்டி அடைக்காமல் காப்பது எப்படி?

ஏரிநீரை எடுக்கும் குழாயில் ஜீப்ரா மட்டிகள் படிந்தால், ஒரே தடவையில் குளோரினைக் கொட்டிக் கொல்ல முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்வதில் பலன் குறைவு. 1988-இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட இம்மட்டி, மறு ஆண்டே ஈரி ஏரிக்கரையிலுள்ள மன்றோ நகரின் குடிநீர் தடைப்படக் காரணமாயிற்று. விரல்நகம் அளவேயுள்ள, பழுப்பு வரிகளோடிய ஒரு மட்டி மெல்லிய நூலிழைகளால் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ள, அதன் ஓட்டின்மேல் அடுத்தது ஒட்டிக்கொள்கிறது. குளோரினை உணர்ந்ததும் ஓட்டை இறுக மூடிக்கொண்டு பல நாள் தாங்கும் என்பதால், சிறிதளவு மருந்தை இடைவிடாமல் கலப்பதும், கண்ணுக்குப் புலப்படாத இளம்பருவத்திலேயே அதைக் குழாயின் வாயில் மடக்குவதும்தான் உரிய வழி. குளோரின் நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்கள் எனும் உடல்நலத்துக்குக் கேடான சேர்மங்களை உருவாக்குமாதலால், குழாயின் வாயில் குளோரினுக்குப் பதிலாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் எனும் நீர்ச் சுத்திகரிப்பு வேதிப்பொருளையே நான் பரிந்துரைப்பேன். முன்பே படிந்துவிட்ட ஓடுகளைச் சுரண்டித்தான் அகற்ற வேண்டும்.